பற்றிமாவின் உறிஞ்சு குழாய்

ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறு பேர் குளித்துவிட்டுப் போன நீச்சல் குளத்தின் அடியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று பற்றிமாவிடம்தான் கேட்க வேண்டும். தலைமுடி ரப்பர்கள், காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்கள், ஐம்பது சென்ட் காசுகள், எப்போதாவது ஒரு பால்பல். திங்கட்கிழமை காலையில் குளம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் வந்துவிடுவாள். நீண்ட கம்பின் முனையில் உறிஞ்சு தலை பொருத்திய இயந்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, வயலுக்கு ஏர் பிடித்தவளைப் போல வரிவரியாக அடியைக் கூட்டிக்கொண்டு போவாள். தூசியும் முடியும் பையில் போய்ச் சேரும். ஆனால் தோட்டின் திருகுச் சுரை, மெல்லிய மோதிரம் போன்றவை மட்டும் இயந்திரம் மேலே போய் வந்த பிறகும் ஓட்டு இடுக்குகளில் அப்படியே கிடக்கும். தங்கம் லேசில் எழும்பி வராது. பற்றிமா மூக்கைப் பிடித்துக்கொண்டு முக்குளித்து, அதைக் கையால் பொறுக்கி எடுத்து, உறையில் தேதி எழுதி, தவறிய பொருட்களின் பெட்டியில் போடுவாள்.

கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் உள்ள அந்த உள்ளக நீச்சல் குளத்தில் அவள் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறாள். முதல் ஆறு வருடங்கள் துப்புரவுப் பெண்ணாக. மன்னார் பேசாலையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள்தான் என்றாலும் நீந்தத் தெரியாது. அங்கே கடல் ஆண்களுக்கு, கரை பெண்களுக்கு. ஒருநாள் ஆழமான பக்கத்தில் விளிம்பைத் துடைக்கும்போது கால் வழுக்கி, வாளியும் துடைப்பமுமாகத் தண்ணீருக்குள் விழுந்தாள். நீச்சல் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பத்து வயதுச் சிறுமி மிதவை வளையத்தை எறிந்து இழுத்துக் கரை சேர்த்தாள். பற்றிமா அன்று அழவில்லை, சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த வாரமே ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் பெயர் கொடுத்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளைகளுக்கு இடுப்பளவு இருந்த தண்ணீர் அவளுக்கு முழங்காலளவு. அவர்களோடு வரிசையில் நின்று தவளைபோலக் காலை மடக்கி உதைத்தாள்.

மூன்று வருடம் கழித்து, குளம் காப்பாளருக்கான அவுஸ்பில்டுங்கில் சேர்ந்தாள். அந்தத் தொழிற்பயிற்சியின் தேர்வில் உடுப்போடு முந்நூறு மீட்டர் நீந்த வேண்டும். அடியில் கிடக்கும் ஐந்து கிலோ வளையத்தை முக்குளித்து எடுத்து வரவேண்டும். இரண்டையும் செய்தாள். அதன் பிறகு சிவப்புச் சட்டையும் கழுத்தில் விசிலுமாகத்தான் அவளைக் குளத்தில் பார்க்க முடியும். கணவர் றெக்ஸ் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "என்ரை மனிசி விசில் அடிச்சால் ஜெர்மன்காரரே தண்ணியை விட்டு ஏறுவினம்" என்று சிநேகிதர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார்.

பொன்னின் கதை நாலு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் தொடங்கியது. குளத்து ஊழியர்கள் எல்லோரையும் வருடம் ஒருமுறை எங்காவது கூட்டிப்போவது வழக்கம். அந்த வருடம் ரைன் ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆற்றில் பொன் உண்டு, ஆல்ப்ஸ் மலையிலிருந்து பல்லாயிரம் வருடங்களாக அடித்து வரப்பட்ட பொடிப் பொன் சரளைக்கற்களுக்கு அடியில் கிடக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். ஆளுக்கொரு தட்டைக் கொடுத்தார். பற்றிமா சுளகில் அரிசி புடைக்கிற கையால் தட்டை ஆட்டினாள். இரண்டு மணி நேரத்தில் மூன்று துகள்கள். ரவையை விடச் சிறியவை, ஆனால் வெயிலில் மறுபேச்சுக்கு இடமில்லாத மஞ்சள். மற்றவர்கள் சலித்துப்போய் பியர் குடிக்கப் போய்விட்டார்கள். பற்றிமா மட்டும் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஆற்றின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் றெக்ஸிடம் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எல்லாரும் கரையிலை இருக்கிற மண்ணைத்தான் கழுவுகினம். பொன் அங்கை ஏன் இருக்கப்போகுது? தண்ணிக்கடியிலை, பெரிய கல்லுகளுக்குப் பின்னாலை எல்லே இறங்கியிருக்கும்? எங்கடை குளத்திலை சுரை கிடக்கிற மாதிரி."

"அப்ப போய் முக்குளிச்சு எடும்."

"கையாலை ஏலாது. உறிஞ்ச வேணும்."

றெக்ஸ் தேநீரை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டு வயதில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு நீந்தப் போவதாகச் சொன்னபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

உறிஞ்சுவது எப்படி என்று சொல்லக்கூடிய ஆள் குளத்துக்கே வந்துகொண்டிருந்தாள். தேஜஸ்வினி திருச்சிக்காரி. பல்கலைக்கழகத்தில் ஆற்று மணலும் வண்டலும் எப்படி நகர்கின்றன என்று ஆராய்ச்சி செய்பவள். வாரம் மூன்று நாள் காலையில் நீந்த வருவாள். கழுத்தில் விசிலோடு ஒரு தமிழ்ப் பெண்ணை முதல்நாள் பார்த்தபோது குளத்தின் நடுவிலிருந்தே "அக்கா, நீங்க தமிழா?" என்று கத்தியவள். பற்றிமா தன் யோசனையைச் சொன்னதும் அவள் ஈரத் தலையோடு ஒரு காகிதத்தை வாங்கிப் படம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, மண்ணை நேரா பம்புக்குள்ள இழுத்தா பம்பு காலி. அதனால பம்பு சுத்தமான தண்ணிய மட்டும் தள்ளட்டும். அந்தத் தண்ணிய ஒல்லியான ஒரு குழாய் வழியா இந்தப் பெரிய குழாய்க்குள்ள சாய்வா பீய்ச்சணும். அது வேகமா முன்னாடி போகும்போது பின்னாடி இருக்கறத தானா இழுத்துக்கும். மண்ணு, கல்லு எல்லாம் சேர்ந்து வரும். சிம்பிள் ஃபிசிக்ஸ்."

"வந்து எங்கை போகும்?"

"இங்க ஒரு தட்டு. அதுவும் தண்ணிக்கு அடியிலயே. தட்டுல குறுக்கால வரி வரியா ரப்பர் பாய். லேசானது எல்லாம் வரியத் தாண்டி பின்னாடி ஓடிடும். கனமானது வரிக்குள்ள உக்காந்துடும்."

"பிள்ளை, நீர் படிச்சதெல்லாம் இதுக்குத்தான் எண்டு நினைக்கிறன்" என்றாள் பற்றிமா.

கட்டுமானப் பொருள் கடையில் சாம்பல் நிறக் கழிவுநீர்க் குழாய் ஒன்றும், பாட்டரியில் ஓடும் சிறிய மின்கல பம்பு ஒன்றும், தோட்டக் குழாய்க்கான பித்தளை மூக்கு ஒன்றும், வாசலில் போடுகிற வரிவைத்த கால்மிதி ஒன்றும் வாங்கினார்கள். றெக்ஸும் பற்றிமாவும் நகரத்து எல்லையில் ஒரு சிறிய தோட்டத்தை வாடகைக்கு வைத்திருந்தார்கள். அங்கே மழைநீர் பிடிக்கிற பெரிய பீப்பாயை அறுத்துத் தொட்டியாக்கி, அதில் மணலும் சரளையும் நிரப்பிக் கருவியைச் சோதித்தார்கள். பொன்னுக்குப் பதில் தேஜஸ்வினி பத்துச் சிறிய ஈயக் குண்டுகளுக்குச் சிவப்பு மை பூசிக் கொண்டுவந்தாள். மண்ணுக்குள் அவற்றைப் புதைத்து, குழாயால் உறிஞ்சி, தட்டில் எத்தனை தங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை மூன்றுதான் தங்கின. இரண்டாவது தடவை ஒரு கல் குழாய்க்குள் சிக்கி, பித்தளை மூக்கு கழன்று, தண்ணீர் றெக்ஸின் முகத்தில் பீறிட்டது. அதன் பிறகு குழாயின் வாயில் பழைய மீன் வறுக்கும் கூடையின் கம்பி வலையை வெட்டிப் பொருத்தினார்கள். பெரிய கல் நுழையாது. தட்டின் சாய்வைக் குறைத்தார்கள். கால்மிதியைத் திருப்பிப் போட்டார்கள். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை, பத்தில் ஒன்பது குண்டுகள் வரிகளுக்குள் சிவப்பாக உட்கார்ந்திருந்தன. பத்தாவதை ரோஜாச் செடிக்கு அடியிலிருந்து றெக்ஸ் கண்டுபிடித்தார். அது எப்படி அங்கே போனது என்பதைத் தேஜஸ்வினியின் பௌதிகத்தாலும் விளக்க முடியவில்லை.

ஆற்றில் இறக்குவதற்கு முன் பற்றிமா நகரத்து நீர்நிலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். கழுத்தில் விசில் மாட்டி இத்தனை வருடம் மற்றவர்களுக்கு விதி சொன்னவள் தானே விதியை மீறக் கூடாது என்று அவளுக்கு. மோட்டார் வைத்த எதுவானாலும் ஆன்ட்ராக் எழுதி அனுமதி வாங்க வேண்டும், கையால் இயங்குவது என்றால் பரவாயில்லை என்று அங்கிருந்த பெண் சொன்னாள். பற்றிமா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். பதில் வரும்வரை சும்மா இருக்க அவளால் ஏலாது. மின்கல பம்பைக் கழற்றிவிட்டு, ரப்பர்ப் படகிலிருந்து தண்ணீர் இறைக்கிற மிதி பம்பு ஒன்றைப் பொருத்தினாள். மிதிப்பது றெக்ஸின் வேலை.

"கையாலை எண்டுதானே சொன்னவை? நான் காலாலை எல்லே மிதிக்கிறன்" என்றார் றெக்ஸ்.

"காலும் உங்கடை சொந்தக் கால்தானே. மிதியுங்கோ."

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, ரைனோடு ஓர் ஓடை வந்து சேரும் இடத்துக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் மார்பளவு, ஓட்டம் மெதுவானது, அடியில் நல்ல சரளை. பற்றிமா தடித்த நீரடி உடுப்பை மாட்டிக்கொண்டு, வாயில் மூச்சுக்குழாயும் கண்ணில் கண்ணாடியுமாகக் குப்புற மிதந்தாள். றெக்ஸ் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து இடது காலால் மிதித்தார், வலது முழங்கால் சரியில்லாததால். குழாயின் வாய்க்கு முன்னால் சரளை அசைந்தது. பிறகு சோறு பொங்குவதுபோல் மெல்லக் கிளம்பி உள்ளே போனது. சிறு கற்கள் தட்டின் மேல் தடதடவென்று ஓடிப் பின்பக்கத்தால் விழுந்தன. காதுக்குள் அந்தச் சத்தம் தகரக் கூரையில் விழும் மழைபோலக் கேட்டது. பெரிய கல் ஒன்றைப் புரட்டி, அதன் பின்பக்கத்துக் குழியில் குழாயை வைத்தாள். கருமணல் வந்தது. வழிகாட்டி சொன்னது நினைவிருந்தது. கருமணல் வந்தால் பொன்னும் பக்கத்தில் இருக்கும்.

கரையில் தட்டைக் கழுவிப் பார்த்தபோது பதினான்கு துகள்கள்.

"பதினாலா!" என்று றெக்ஸ் மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். இருவரும் ஒரு கரண்டியளவு கருமணலுக்கு மேல் தலைகளை முட்டிக்கொண்டு குனிந்து, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவ்வளவையும் சேர்த்தாலும் ஒரு மிளகின் நூறில் ஒரு பங்கு வராது. அதைப் பற்றி இருவருக்கும் கவலை இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் இப்படிப் போயின. நாலாவது சனிக்கிழமை மே மாதக் கடைசி. ஓடைக்குள் சற்று மேலே போய்ப் பார்க்கலாம் என்று பற்றிமா சொன்னாள். அங்கே தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, சரளை சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. யாரோ புதிதாகக் கூட்டிவிட்டதுபோல் ஒரு வட்டம். அதில் குழாயை வைத்தாள். அன்று கிடைத்த கருமணல் போல என்றும் கிடைத்ததில்லை. தட்டைத் தூக்கியபோது முதலில் பொன்தான் கண்ணில் பட்டது. நாற்பதுக்குக் குறையாது. அதன் பிறகுதான் வரிகளுக்குள் கிடந்த மற்றவை தெரிந்தன. வேகவைத்த ஜவ்வரிசிபோல, இளமஞ்சளில், உருண்டையாக. பலது. சிலது நசுங்கி வெறும் தோலாகக் கிடந்தன.

"உதென்ன?" என்று கேட்டாள்.

றெக்ஸ் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மீன் முட்டையப்பா."

அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்கு அது தெரிந்திருந்தது. மீனவர் வீட்டில் பிறந்தவளுக்குச் சினையைத் தெரியாதா? தெரியாதது ஒன்றுதான். கடல் மீன்கள் எங்கோ ஆழத்தில் முட்டை விட, அவளுடைய ஊரில் அதைக் கறிச்சட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆற்றில் ஒரு மீன் இப்படிக் கல்லைச் சுத்தம் செய்து, வட்டம் போட்டு, அதற்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நசுங்காதவற்றை உள்ளங்கையில் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு போய், குழி விழுந்த இடத்தில் விட்டு, மேலே கையால் சரளையைப் போட்டு மூடினாள். அது சரியா தவறா என்று தெரியவில்லை. பாதி முட்டைகள் ஓட்டத்தோடு அள்ளுண்டு போவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். கருவியைச் சுருட்டி வாகனத்தில் வைத்தார்கள். அன்றைய துகள்களைப் பற்றிமா எண்ணிப் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் காணேல்லைத்தானே" என்று வழியில் றெக்ஸ் சொன்னார்.

"நான் கண்டனான்" என்றாள் பற்றிமா.

ஓடைக்கரையில் ஒரு பலகை இருந்தது. அந்தத் தண்ணீரைப் பராமரிக்கிற தூண்டில்காரர் சங்கத்தின் பெயரும், நீர்க் காவலரின் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அந்த எண்ணுக்கு அழைத்தாள். க்னோப்ளொஹ் என்று ஒருவர் எடுத்தார். கார்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறவர், குரலிலேயே கட்டைமீசை தெரிந்தது. பற்றிமா ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன கருவி, எந்த இடம், என்ன வந்தது, எத்தனை நசுங்கியது, எல்லாவற்றையும் தன் ஜெர்மனில் வரிசையாகச் சொன்னாள்.

மறுமுனையில் அவர் கத்தினார். "மே மாதத்தில்! பார்பென் முட்டையிடும் மாதத்தில்! அந்த மீன் இந்த ஓடைக்குத் திரும்பி வருவதற்கு நாங்கள் பதினைந்து வருடம் காத்திருந்தோம், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றாள் பற்றிமா. "அதனால்தான் அழைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்."

கத்துவதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருந்திருக்கும். ஆனால் தானாக வந்து குற்றத்தைச் சொல்பவளிடம் எப்படிக் கத்துவது என்பது அவருக்கு அந்தக் கணத்தில் பிடிபடவில்லை. "நாளை நாலு மணிக்கு வந்து இடத்தைக் காட்டுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் இடுப்பளவு ரப்பர்க் காற்சட்டையோடு அவர் ஓடைக்குள் இறங்கினார். பற்றிமா காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கையை அடியில் வைத்து அழுத்தினார். விரல் இறங்கவில்லை. "பாருங்கள்" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அல்லது கோபப்படுவதற்கு அவருக்கு வேறொன்று கிடைத்திருந்தது. வயல்களிலிருந்து மழையோடு வரும் நுண்ணிய சேறு கற்களுக்கு இடையில் இறங்கி, சிமெந்துபோல இறுகிவிடுகிறது. மீன் மேலோடு வாலால் கூட்டித்தான் பார்க்கும். அதற்குக் கீழே முட்டைக்குப் போய்ச் சேரத் தண்ணீரும் காற்றும் இல்லை. "நீங்கள் நசுக்கியது ஐம்பது என்றால், இந்தச் சேறு மூச்சு முட்ட வைப்பது ஐயாயிரம். ஒவ்வொரு செப்டம்பரிலும் நாங்கள் பத்துக் கிழவர்கள் பல்வைத்த இரும்பு வாரிகளோடு வந்து கொத்துகிறோம். ஒரு நாளில் ஒரு மேசையளவு இடம். அடுத்த நாள் எல்லோருக்கும் முதுகுவலி."

பேசிக்கொண்டே இரண்டு அடி நகர்ந்து மறுபடியும் கையை வைத்தார். இந்தத் தடவை கை மணிக்கட்டு வரை இறங்கியது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இங்கேதான் குழாயை வைத்தீர்களா?"

"ஆமாம்."

அவர் ஒரு கைப்பிடிச் சரளையை அள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, கழுவிய பயறுபோலச் சுத்தமாக இருந்தது. அதைத் தண்ணீருக்குள் விட்டார். ஜூலை முடியும்வரை ஓடையில் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பற்றிமா அந்தக் கோடை முழுவதும் ரைன் கரைக்கே போகவில்லை. கருவி தோட்டத்துக் கொட்டகையில் கொடியில் தொங்கியது. நீர்நிலை அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. தனியாளுக்கு மோட்டார் பம்பு அனுமதி இல்லை. அவள் அதைப் படித்து, மடித்து, கோப்பில் வைத்தாள். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் குளத்தின் காசாளர் வந்து, "யாரோ ஒருவர் 'குழாய் வைத்திருக்கும் அம்மா' வேண்டும் என்று தொலைபேசியில் கேட்கிறார், நீங்கள்தானா?" என்றார்.

க்னோப்ளொஹ் சுற்றி வளைக்கவில்லை. சரளையைப் பராமரிக்கச் சங்கத்துக்கு அரசின் அனுமதி இருக்கிறது, பம்பு பாவிக்கவும் இருக்கிறது, எந்த மீனும் முட்டையிடாத செப்டம்பர் நடுவில் வேலை, அவளால் வரமுடியுமா, கருவியையும் கொண்டுவருவாளா?

அந்த இரண்டு வாரமும் தேஜஸ்வினி தோட்டத்திலேயே கிடந்தாள். "அக்கா, இவ்ளோ நாள் நம்ம கனமானதைப் புடிச்சோம், சேத்தைத் தப்ப விட்டோம். இப்ப உல்ட்டா. கல்லு தங்கணும், சேறு மட்டும் வெளிய போகணும். ஆனா ஓடையில திருப்பி விழக் கூடாது, இல்லேன்னா பத்தடி கீழ இருக்கற முட்டைப் படுகை அடைச்சுக்கும்." தட்டின் பின்பக்கத்தில் ஒரு நீண்ட துணிப்பையைக் கட்டினார்கள். றெக்ஸின் பழைய கட்டில் விரிப்பு இரண்டைத் தைத்துச் செய்தது. மிதி பம்பு கழன்றது, சங்கத்தின் மின்கல பம்பு வந்தது. றெக்ஸ் தன் வேலை பறிபோனதாகக் கொஞ்ச நேரம் பொய்க்கோபம் காட்டினார்.

செப்டம்பர் சனிக்கிழமை காலை ஓடைக்கரையில் பத்துக் கிழவர்கள் வாரிகளோடு நின்றார்கள். நீரடி உடுப்பில் ஒரு கறுத்த பெண் குழாயோடு இறங்குவதைக் கைகட்டி நின்று பார்த்தார்கள். பற்றிமாவுக்கு அது புதிதில்லை. குளத்திலும் முதல் வருடங்களில் அப்படித்தான் பார்த்தார்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். பம்பு உறுமியது. இறுகிய அடி முதலில் அசையவில்லை. வாரியோடு இருந்த ஒருவரை அவள் கைகாட்டி அழைத்து, முன்னால் கொத்தச் சொன்னாள். அவர் கொத்த, அவள் உறிஞ்ச, பழுப்புச் சேறு பைக்குள் போய் உப்பியது. கற்கள் தட்டில் உருண்டு சுத்தமாக அடியில் விழுந்தன. ஒரு மணி நேரத்தில் மேசையளவு இடம் முடிந்தது. மத்தியானத்துக்குள் ஒரு பேருந்தின் நீளம். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையைக் கரைக்கு இழுக்க நாலு பேர் தானாக இறங்கினார்கள்.

சாப்பாட்டுக்கு றெக்ஸ் ஆட்டிறைச்சி றோல்ஸ் ஐம்பது கொண்டுவந்திருந்தார். க்னோப்ளொஹ் முதலாவதைச் சந்தேகத்தோடு எடுத்தார். நாலாவதை எடுக்கும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். பற்றிமா தன் ஊரில் மீன் சினையை எப்படிப் பொரிப்பார்கள் என்று சொன்னதும் அவர் பதறிப்போனார். "பார்பெனின் முட்டையை மட்டும் சாப்பிட்டுவிடாதீர்கள், நச்சு! இரண்டு நாள் கழிப்பறையை விட்டு வரமாட்டீர்கள்!" அந்த எச்சரிக்கையைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

வேலை முடிந்து தட்டைக் கழற்றியபோது வரிகளுக்குள் கருமணலும் அதில் பளபளவென்று இருபத்தாறு துகள்களும் இருந்தன. கூடவே தூண்டில்காரர்கள் தவறவிட்ட ஈயக் குண்டுகள் ஒரு கைப்பிடி. ஈயத்தைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பொன்னை அவளிடம் கொடுத்தார்கள். "குழாயின் சம்பளம்" என்றார் ஒருவர்.

அடுத்த மே மாதம் ஒரு மாலையில் க்னோப்ளொஹ் அவளை ஓடைக்கு அழைத்துப் போனார். உள்ளே இறங்க விடவில்லை. பாலத்தின் மேல் குப்புறப் படுத்து, நிழல் விழாமல் எட்டிப் பார்க்கச் சொன்னார். கழுவிய சரளைக்கு மேல் முழங்கை நீளத்தில் மூன்று நாலு மீன்கள், வெண்கல நிறத்தில், மீசை வைத்தவை, ஒன்றையொன்று உரசிக்கொண்டு வாலால் அடியைக் கூட்டின. தூசி கிளம்பவே இல்லை. கல் மட்டும் அசைந்தது. கல்லுப் பாலத்தில் நெஞ்சு குளிர்ந்தும் அவள் எழவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பவும் போனார்கள். ஓரத்துத் தண்ணீரில் நூல் துண்டுகள்போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. அன்றைக்கு அவள் மகள் ஜெசிக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். எர்லாங்கனில் வேலை பார்க்கும் மகள் கேட்டாள்: "அம்மா, அப்ப பொன்?"

"அதுவும் இருக்கு, பிள்ளை. வாற நேரம் காட்டுறன்."

இருக்கத்தான் செய்கிறது. சமையலறை யன்னலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள், தண்ணீரோடு. மூன்று செப்டம்பர்களின் சேமிப்பு. எடை போட்டால் கால் கிராம்கூட வராது. காலை வெயில் விழும்போது குப்பியை ஒருமுறை குலுக்கிவிட்டு, பற்றிமா தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

இந்த வருடம் தூண்டில்காரர் சங்கம் அவளை உறுப்பினராகச் சேர்க்க விரும்பியது. ஆனால் தூண்டில் உரிமச் சீட்டு இல்லாதவர் முழு உறுப்பினராக முடியாது என்பது விதி. விதி என்றால் பற்றிமாவுக்கு விதிதான். தூண்டில் போடுகிற எண்ணம் கொஞ்சமும் இல்லாமலே, வார இறுதி வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன்களோடும் மூன்று ஓய்வூதியக்காரர்களோடும் உட்கார்ந்து ஆற்று மீன்களின் பெயர்களைப் படித்தாள். ஒன்றுக்குக்கூடத் தமிழில் பெயர் தெரியவில்லை. ஆகவே தானே வைத்தாள். மீசைக்காரி, வெள்ளித் தட்டை, மூக்கன். றெக்ஸ் பேருந்து ஓட்டப் போகவேண்டிய நேரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார்.

"இது?"

"மூக்கன். ஜெர்மனிலை நாஸெ."

"முட்டை எப்ப போடும்?"

"மார்ச், ஏப்ரல். ஒருத்தரும் ஓடைக்குள்ளை இறங்கப்படாது."

தேர்வில் அறுபதில் ஐம்பத்தேழு கேள்விகள் சரி. பிழையாய்ப் போன மூன்றும் தூண்டில் முடிச்சுகளைப் பற்றியவை. க்னோப்ளொஹ் அதைக் கேட்டுவிட்டு, முடிச்சுப் போடத் தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள் பற்றிமா. ஓடையின் மேல்பகுதியில் இன்னும் நாற்பது மீட்டர் இறுகிக் கிடக்கிறது, அதற்கு இப்போதுள்ள பை போதாது, செப்டம்பருக்கு முன் இன்னொன்று தைக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டில் பழைய கட்டில் விரிப்பு ஏதாவது இருக்கிறதா என்று அவரைக் கேட்டாள்.